தண்ணீர் குடியாத செங்கல்

பாகூர்ப் பேரேரியின் நீர்ப்பரப்பைத் தழுவி எழுந்த புரட்டாசிக் காற்று, கதிர் முற்றிய வயல்களைக் கடந்து, அவ்வயல்களை ஒவ்வொன்றாய் விழுங்கி நிற்கும் மனைக்கட்டுகளின் மஞ்சள் எல்லைக்கற்களையும் கடந்து, கரிக்கலாம்பாக்கத்துக்கு மேற்கே ஒற்றை வேம்பு நிழல் பரப்பும் செங்கல்மேட்டின்மேல் ஏறி இளைப்பாறும் முற்பகல் வேளை அது. அகழ்வோர் மண்ணை விலக்கி வெளிக்கொணர்ந்த பழஞ்சுவர் ஒன்று, நெடுநாள் உறக்கம் கலைந்தாற்போல் வெயிலில் கண்கூசி நிற்பதை ஆங்கே காண்பீர், படிப்போரே!

நெடுகிலும் உறுதியாய் நின்ற அச்சுவர், நடுவே ஓரிடத்தில் மட்டும் பொடிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. ஐப்பசி மழைக்குமுன் அவ்விடத்தைப் புதுக்கல் கொண்டு செப்பனிட இயலாவிடில், சுவர் சரியுமுன் மண்ணிட்டு மூடிவிடுவதே வழி என அகழாய்வின் மேலதிகாரிகள் அறுதியிட்டுக் கூறிவிட்டனர். புதுக்கல்லோ பழங்கல்லின் இயல்பை ஒத்திருக்க வேண்டும். அவ்வியல்பை அறியப் பழங்கல்லை உலர்த்தியும் நனைத்தும் இறுதியில் பொறியிலிட்டு நசுக்கியும் பார்க்க வேண்டும். அப்பணிக்கு வந்தவள் ரோஸ்லின். செங்கல் ஒன்றைக் கண்டால் விரலால் தட்டிக் காதில் வைப்பாள், முகர்வாள், யாரும் பார்க்கவில்லையெனில் நாவாலும் தீண்டிப் பார்ப்பாள். அப்படியொரு பித்து அவளுக்கு!

சுவர் நிற்குமா என்னும் கவலை அவளினும் மிகுதியாய் வாட்டியது காசம்மாளைத்தான். தொழிலகம் ஒன்றில் சமையல் வேலை செய்யும் அவள், மேட்டின் அடிவாரத்துக் குடியினள். சுவரின் பொந்து ஒன்றில், சிவப்புத் துணித்திரைக்குப் பின்னே உறையும் மேட்டம்மாவே அவள் குடும்பத்தின் தெய்வம். சுவரை மூடினால் மேட்டம்மாவும் அல்லவா மண்ணுக்குள் போவாள்!

"மிஷினுக்கு முழுக்கல்லுதான் வேணுமா? ஒடஞ்சது ஆவாதா?" என்று கேட்டாள் காசம்மாள்.

"முழுசா இருந்தாதான்க்கா சரியா சொல்ல முடியும். மேடு பூரா தேடிட்டேன், எல்லாம் துண்டு துண்டா கெடக்குது" என்றாள் ரோஸ்லின்.

மறுநாட் காலை, பழம்புடவைத் துணியில் சுற்றிய நெடிய செங்கல் ஒன்றைக் காசம்மாள் கொணர்ந்து நீட்டினாள். மூலை மழுங்காத முழுக்கல்! எங்கே கிடைத்ததென்று கேட்டதற்கு, "கெடந்துச்சு, எடுத்துக்கினு போ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முழுக்கல் கிடைத்த களிப்பில் ரோஸ்லினும் மேற்கொண்டு வினவவில்லை.

வண்டிகளின் இரைச்சல் ஓயாத மூலக்குளச் சாலையோரத்து ஆய்வுக்கூடத்தில், கல்லை மேசைமேல் கிடத்தி ஒரு சொட்டு நீரை அதன்மேல் விட்டாள். பழங்கல் நீரைக் கண்டவுடன் உறிஞ்சும் இயல்பினது. இதுவோ சேப்பங்கிழங்கு இலைபோல் சொட்டை உருட்டி விளையாடியது. இன்னொரு சொட்டு விட்டாள், அதுவும் உருண்டோடியது. அடடா, என்ன கலவையில் பிசைந்து, எத்தகைய சூளையில் சுட்டனர் இம்மேட்டின் முன்னோர்? வியப்பில் கன்னம் சிவந்தவள், கல் அறுத்துச் சுட்டுத் தரவிருந்த பக்கிரியை உடனே தொலைபேசியில் அழைத்து, "பக்கிரிண்ணா, நல்லா அழுத்தி அறுத்து, கெட்டியா சுடுங்க. தண்ணியே எறங்கக் கூடாது. நாளைக்கு நசுக்கிப் பாத்துட்டு மறுபடி பேசறேன்" என்றாள். ஆராய்வோர்க்கு அவசரம் ஆகாது என்பதை அவளுக்குச் சொல்லத்தான் அருகில் யாருமில்லை.

நசுக்குமுன் ஈரம் நீங்கக் கல்லை உலர்த்துலையில் இட்டாள். வெப்பம் ஏற ஏற, மண்மணம் எழவேண்டிய அவ்வறையில், திரியணைந்த விளக்கின் மணம் மெல்ல எழுந்து பரவிற்று. நல்லெண்ணெய்! உலையைத் திறந்தாள். கல்லின் மேனியெங்கும் கரும்பழுப்பு நெய்ப்பு வியர்த்திருந்தது. விளிம்போரப் பள்ளத்தில் மஞ்சள் துகளும், ஆழப் பதிந்த குங்குமக் கீற்றும் சிவந்து தெரிந்தன. அக்கல் யாரென்று அந்நொடியில் அறிந்தாள். நசுக்கும் பொறியை நோக்கினாள், கல்லை நோக்கினாள், பிறகு அதே புடவைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மேட்டை நோக்கி வண்டியைக் கிளப்பினாள்.

"அக்கா, மேட்டம்மாவையா குடுத்த?"

காசம்மாளின் கண் கலங்கிற்று. "வேற முழுக்கல்லு ஏது? சாமின்னு சொன்னா நீ எடுத்துக்கினு போவியா? அதான் எண்ணெ போவ சீயக்கா தேச்சி குளிப்பாட்டி குடுத்தேன். அவ ஒருத்தி போனா போறா, செவுரு நிக்கட்டும்னு பாத்தேன்."

தன் தெய்வத்தையே நசுக்கக் கொடுத்தவளை என்னென்பது! ரோஸ்லினுக்கோ மற்றொரு புதிரும் அவ்வேளையில் விடுபட்டது. சிவப்புத் திரையை விலக்கிப் பொந்தைச் சுற்றிலும் தடவினாள். சுற்றியிருந்த கல்லெல்லாம் கையோடு பொடியாய் வந்தன. சுவர் ஏன் அவ்வோரிடத்தில் மட்டும் பொடிந்தது என்பதற்கு விடை இதுவே. சொன்னால் காசம்மாள் நெஞ்சு நோகும். சொல்லாவிடிலோ வெள்ளிதோறும் அதே பொந்தில் அதே எண்ணெய் வழியும். தயங்கித் தயங்கி உரைத்தாள்.

"செவுரு மழையில தண்ணிய குடிக்கும்க்கா, வெயில்ல வெளிய வுடும். எண்ணெ ஊறுன கல்லு அந்த வழிய அடச்சிடுச்சு. பக்கத்துக் கல்லுங்கதான் மொத்த ஈரத்தையும் தாங்கித் தாங்கிப் பொடிஞ்சிருக்குது."

"அப்போ நான் ஊத்துன எண்ணெதான் செவுத்த தின்னுச்சா?"

"நீ மட்டுமாக்கா? எத்தினி பேரு ஊத்தனாங்களோ. நானும் தப்புதான் பண்ணேன். தண்ணி எறங்காத கல்லா சுடச் சொல்லிட்டேன். அத வெச்சிக் கட்டியிருந்தா மொத்த செவுரும் போயிருக்கும்."

காசம்மாள், மடியில் கிடந்த கல்லின் குங்குமக் கீற்றை முன்றானையால் துடைத்தாள். பின் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். "இன்னா பண்றது, கூட்டுக் குடும்பம் இவளுக்கு ஒத்துக்கல. தனிக்குடித்தனம் வெச்சிடலாம், வா" என்று எழுந்து, வேம்பின் அடியில் தன் கையாலேயே மண்ணைச் சமன் செய்து மேட்டம்மாவை அமர்த்தினாள்.

முழுக்கல்லே வேண்டுமென்ற பிடிவாதத்தை விட்ட ரோஸ்லின், மேட்டில் கிடந்த துண்டுகளையே சிறு கட்டிகளாய் அறுத்து ஆராய்ந்தாள். அவை நீரை ஆவலோடு பருகின; பொறியின் அழுத்தத்துக்கு விரைவில் இணங்கின; உடைந்த உட்புறத்தில் உமி எரிந்த சிறு துளைகள் நிறைந்திருந்தன. "நேத்து கெட்டியா சுடுன்ன, இன்னிக்கு உமிய கலந்து எளசா சுடுன்ற. ஒரு பேச்சில நில்லும்மா!" என்று பக்கிரி சலித்துக்கொண்டாலும், சொன்னவாறே சுட்டுத் தந்தான். பொந்தும் பொடிந்த இடமும் புதுக்கல்லால் நிறைந்தன.

ஐப்பசி அடைமழை ஓய்ந்து வெயில் முகங்காட்டிய வெள்ளியன்று, எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்த காசம்மாளின் கால்கள் பழக்கத்தால் சுவரை நோக்கியே நடந்தன. புதுக்கல்லின் எதிரே கிண்ணம் ஏந்திய கை உயர்ந்தது, அந்தரத்தில் நின்றது. கிண்ணத்தை மற்றொரு கைக்கு மாற்றி, உள்ளங்கையைக் கல்லின்மேல் வைத்தாள். காலையில் ஈரத்தால் கறுத்திருந்த கல், வெயிலில் வெளுத்துக்கொண்டிருந்தது.

"குடிச்சதெல்லாம் வெளிய வுடுது, ரோசு" என்று அருகில் நின்ற ரோஸ்லினிடம் மெல்லச் சொன்னாள்; சொல்லிவிட்டு வேம்படிக்கு நடந்தாள்.

அன்பு மிகுந்தோர் கையும் அணைத்தே மூச்சை அடைத்துவிடக் கூடுமென்பதை மண்ணும் நெருப்பும் அன்று அவ்விருவர்க்கும் உணர்த்தின. எண்ணெய் ஊற்றாது நின்ற அந்தக் கையின் அருமையை அறிந்தாற்போல் பழஞ்சுவர் வெயிலில் உலர்ந்தது. வேம்பின் நிழலில், ஒரு துளி நீரும் இறங்காத மேட்டம்மா, தன்மேல் வழிந்த எண்ணெயில் ஒளிர்ந்துகொண்டிருந்தாள்.