பன்னிரண்டு மணிச் சுறா

1968-ஆம் வருஷம் தவக்காலத்தின் இரண்டாம் வாரம், ராயபுரத்தில் மாதா கோயிலின் மதிய மணி அடித்ததும், பத்தடி நீளச் சுறா ஒன்று கடலைவிட்டு வெளியே வந்து, தரைக்கு இடுப்பளவு உயரத்தில் நீந்தியபடி அம்புரோஸ் வீட்டு வாசலில் நின்றது. ரயில்வே கேட் மூடியிருந்ததால் கூட்ஸ் வண்டி போகும்வரை அது பொறுமையாகக் காத்திருந்ததாக கேட்மேன் அத்தாவுல்லா சொன்னார். அன்று தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை.

குற்றம் அம்புரோஸுடையதுதான். துறைமுகத்தில் மூழ்கி, கப்பலின் அடியில் ஒட்டும் சிப்பியைச் சுரண்டுவது அவர் வேலை. ஞாயிறுகளில் கம்பெனி அதிகாரிகள் சிலரை, காசிமேட்டுக்குக் கிழக்கே முழுகிக் கிடந்த பழைய கப்பலுக்குக் கூட்டிப்போவார். முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு பொழுதுபோக்காக இறங்கும் அந்தக் கனவான்களுக்குச் சுறாவைக் கிட்டத்தில் பார்த்தாக வேண்டும். அதற்காக சாளை மீனைக் கையாலேயே ஊட்டிப் பழக்கினார். நேரம் எப்போதும் நடுப்பகல். மதிய மணிக்குச் சொல்லவேண்டிய திரிகால செபத்தைத் தண்ணீருக்குள் வாயால் சொல்ல வழியில்லை, விட்டுவிடவும் மனசு வரவில்லை. ஆகவே கோயில் மணியைப் போலவே மும்மூன்றாக ஒன்பது தரம் கப்பல் இரும்பில் தட்டிவிட்டு மீனை நீட்டுவார். இப்படிப்பட்ட பக்தி வேறு யாருக்கு வரும்! ஒன்பது சத்தம் கேட்டால் சாப்பாடு, அது மனிதக் கையில் இருக்கும் என்று சுறா கற்றுக்கொண்டது. இப்போது கோயில் மணிக்கே தினமும் வாசலுக்கு வந்தது, அவரும் சாளையை நீட்டினார்.

கடலில் நிற்கும் கட்டுமரக்காரர்களுக்கும் அந்த மணி கேட்கும். கை கழுவி, சிலுவை போட்டு, கஞ்சி குடிப்பார்கள். அம்புரோஸின் மனைவி ஆலிஸுக்கு அண்ணன் சிலுவைமுத்து, ஈஸ்டருக்கு முந்தின செவ்வாய்க்கிழமை அப்படித்தான் கையைத் தண்ணீரில் விட்டார். அன்று சுறா தெருவுக்கு வரவில்லை. வழியிலேயே அதற்கு ஒரு கை கிடைத்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவர் இடது கையால் சிலுவை போட்டார். உபதேசியார் முகம் சுளித்தார்.

கோயில் வளாகத்தில் கூட்டம் கூடியது. மணியை நிறுத்தலாம் என்றார்கள் சிலர்; பங்குச் சாமியார் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சுறா சாதுவான பிராணி, தங்களில் ஒருவருக்கும் சின்னக் கீறல்கூட விழுந்ததில்லை என்றார் கம்பெனி அதிகாரி ஒருவர். சாளை கொடுப்பதைத் திடீரென்று நிறுத்தினால் அது பசியில் எல்லார் கையையும் தேடும் என்றார் அம்புரோஸ். அதில் பாதி பயம், பாதி பாசம். கடைசியில் சிலுவைமுத்து எழுந்தார்.

"மாப்ள, உன் தோஸ்துங்க ஞாயித்துக்கெழம வந்து பாத்துட்டு வூட்டுக்குப் பூடுவாங்க. நாங்க தெனமும் அதே தண்ணியிலதான் கீறோம். எனுக்கு இன்னும் ஒரு கைதான் கீது."

அம்புரோஸ் அங்கேயே அழுதார். மறுநாளிலிருந்து சாளையைத் தொடவில்லை. தினமும் சாப்பாட்டு நேரத்தில் துறைமுகத்திலிருந்து வீட்டுக்கு ஓடிவந்து, வாசலில் நின்று, இரண்டு வெறுங்கைகளையும் விரித்துக் காட்டினார். சுறா மோந்து பார்க்கும். ஆலிஸ் கதவுக்குப் பின்னால் ஜெபமாலை உருட்டுவாள். முதல் மாதம் அது ஒரு தகர வாளியைக் கடித்து நசுக்கியது. பிறகு இளைத்தது, அவரும் இளைத்தார். மணலிப் பக்கம் புகைபோக்கிகள் எழும்பின, கடல் நிறம் மாறியது, சுறா மட்டும் வேளை தவறவில்லை. ஆறாவது வருஷம் அது கைகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு, தெருக்கோடிவரை போய்த் திரும்பியது.

அந்த ஆறு வருஷமும் சிலுவைமுத்து கடலில் கை நனைக்கவில்லை. கூட வந்தவர்கள்தான் குடத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். 1974 புரட்டாசியில் ஒருநாள் அம்புரோஸைக் கட்டுமரத்தில் ஏற்றிக்கொண்டு போனார். மணி கேட்டதும் இடது கையை மணிக்கட்டுவரை கடலில் விட்டார். அம்புரோஸ் தடுக்க எழுந்தார். சிலுவைமுத்து வேண்டாமென்று தலையசைத்தார். சுறா அடியிலிருந்து வந்து, விரல்களை உரசி, திரும்பிப் பார்க்காமல் கரையைப் பார்த்துப் போனது. சிலுவைமுத்து ஈரக்கையாலேயே சிலுவை போட்டார்.

"இன்னா மாப்ள பாத்துகினு கீற? கஞ்சிய ஊத்து."

கரையில் கூட்ஸ் வண்டி எதுவும் வராததால் அத்தாவுல்லா கேட்டைத் திறந்தே வைத்திருந்தார். சுறாவின் துடுப்பில் மாட்டிக் கிழியாமலிருக்க, ஆலிஸ் கொடியில் கிடந்த துணிகளை எடுத்து உள்ளே போட்டாள்.