தெரிஞ்ச ஆக்களா?

மேனுகா தன் தாயை வாசலோரக் கதிரையில் இருத்திவிட்டு வரவேற்பு மேசைக்கு வந்தபோது, கஜானி முதலில் பார்த்தது அவள் கழுத்தில் தொங்கிய பிரதேச செயலக அடையாள அட்டையைத்தான். இருவரும் ஒன்றாகப் பட்டம் முடித்தவர்கள். வேலை கேட்டுக் காந்திப் பூங்காவில் ஒரே கொட்டகைக்குள் நூறு நாளுக்கு மேல் போராட்டம் இருந்தவர்கள். மேனுகாவின் தாய் ஊரான குருக்கள்மடத்திலிருந்து பஸ் ஏறி இருவருக்கும் சோறு கொண்டுவருவார். கடைசியில் நியமனம் மேனுகாவுக்கு வந்தது. கஜானிக்கு வயதெல்லையைவிட நாலு மாதம் கூடிவிட்டது. இப்போது இந்தக் கண் வைத்தியரிடம் நோயாளர்களுக்கு நம்பர் கொடுக்கிறாள்.

“அம்மாக்கு ரெண்டு கண்ணிலயும் வெள்ள படர்ந்திரிக்கி கா. அரசாங்க ஆஸ்பத்திரியில முறை வர அடுத்த வருசமாம். என்ட காப்புறுதியில இஞ்ச செய்யலாந்தானே?”

என்ட காப்புறுதி. அந்தச் சொல் கஜானிக்குள் முள்ளாய் இறங்கியது. அவளுடைய அம்மாவுக்கு அப்படி எதுவும் இல்லை.

“டொக்டர் சேர் அத எடுக்கிறல்ல. படிவம் அனுப்பினா காசு வர எட்டு மாசம். வந்தாலும் பாதிய வெட்டிப்போட்டுத்தான் குடுக்கிறாங்க. போன வருசத்தோட விட்டுட்டார்.”

எத்தனையோ பேருக்கு வருத்தத்தோடு சொன்ன பதில்தான். இன்று அது நாக்கில் இனித்தது. தெரிந்தவர்கள் என்றால் சேர் எடுப்பார் என்பதும் அவளுக்குத் தெரியும். மருந்து கொடுக்கும் நௌஷாட்டின் மாமாவுக்குப் போன மாதம் அப்படித்தான் செய்தார்.

அறைக் கதவைத் திறந்து வைத்தியர் எட்டிப் பார்த்தார். கிழவி கதிரையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்ததையும், மேனுகா கையிலிருந்த காப்புறுதி அட்டையையும் கண்டார்.

“ஆரு, கஜானி? உங்களுக்குத் தெரிஞ்ச ஆக்களா?”

மேனுகா நம்பிக்கையோடு அவள் முகத்தைப் பார்த்தாள்.

“இல்ல சேர்.”

கதவு மூடிக்கொண்டது. மேனுகா அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு தாயிடம் போனாள்.

“ஆரோட கதைச்ச நீ, மகள்? நம்மட கஜானிட குரல் மாதிரிக் கேட்டிச்சு” என்றார் தாய், முகத்தை மேசைப் பக்கம் திருப்பி. அந்தக் கண்கள் கஜானியைக் கடந்து எங்கோ பார்த்தன.

கஜானி எழுந்து நின்றாள்.

“இல்லம்மா, வேற ஆரோ. வாங்க, படி இரிக்கி” என்றாள் மேனுகா.

தாய் காலால் துழாவி முதற்படியைத் தேடினார். வெளியே வெயில் வெள்ளையாய் எரிந்தது. இருவரும் அதற்குள் இறங்கினார்கள்.