கறுப்பையாவைத் தூக்கிய அன்று

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நன்றாக நீட்டிக்கொள்ளுங்கள். கண்டி மலைச்சரிவில் ஒரு சந்தில் நடந்ததைச் சொல்கிறேன். பாதியில் எழுந்து போகமாட்டீர்கள்.

அந்தச் சந்தில் நாற்பது வீடு, பெரும்பாலும் சிங்கள வீடு. தமிழ் வீடு மூன்று. அதில் ஒன்று ரத்தினம்மாவும் அவள் புருஷன் கறுப்பையாவும் இருந்த வீடு. சாவு விழுந்தால் கூடாரமும் உட்காரக் கதிரையும் கொண்டுவருவது, செங்குத்துப் படிகளில் பெட்டியைச் சுமப்பது எல்லாம் சந்துக்காரர்களின் மரண உதவிச் சங்கம்தான்.

ஒரு தரம் யாரோ விடிய விடிய பைலாப் பாட்டுப் போட்டார்கள். சங்கம் கூடியது. இனிச் சந்தில் மேளமும் ஒலிபெருக்கியும் கூடாது, பௌத்தர்கள் பிரித் ஓதுவதற்கும் பெரஹரா ஊர்வலத்துக்கும் மட்டும் விலக்கு என்றார்கள். எல்லாக் கையும் உயர்ந்தது, ரத்தினம்மாவின் கையும்தான். அவளுக்கும் தூக்கம் கெட்டிருந்தது. அதோடு, அத்தனை கை மேலே நிற்கும்போது தன் கையை மட்டும் மடியில் வைத்திருக்க அவளுக்குத் தைரியமில்லை.

அடுத்த தையில் கறுப்பையா செத்துப்போனார். "தப்பு அடிக்காம என்னைத் தூக்கிறாத புள்ள" என்று படுக்கையில் கேட்டிருந்தார். அவருடைய அக்காள் மகன் அழகர் பன்விலத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தப்பு மேளக்காரர்களோடு வந்து இறங்கினான்.

காலையிலிருந்து கதிரை சுமந்துகொண்டிருந்த சங்கத் தலைவர் சோமரத்ன, மேளத்தைக் கண்டதும் தயங்கித் தயங்கி வந்தார்.

"நீங்களும் கை தூக்கினதுதானே, ரத்தினம்மா."

"பிரித்துக்கு விட்டிருக்கீங்களே, மாத்தயா."

"அதுக்கு எல்லாரும் ஓட்டுப் போட்டாங்க."

"மூணு வீட்டுக்காரங்க நாங்க. எங்களுக்கு எப்ப ஓட்டு விழும்?"

அவர் கையிலிருந்த கதிரையை இறக்கி வைத்தார். "நான் தனியா என்ன செய்ய? மீறினா சங்கத்து ஆளுங்க தோள் குடுக்க மாட்டாங்க."

"மூணு பஸ் மாறி வந்தோம், ஊமையா போறதுக்கா?" என்றான் அழகர். "மாமா கோவிச்சிக்கிட்டு எழுந்து உக்காந்துக்குவாரு, அத்தை."

ரத்தினம்மா பெட்டியைப் பார்த்தாள். வெளியே படிகளைப் பார்த்தாள். சங்கத்துத் தோள் இல்லாமல் அதில் இறக்க முடியாது.

"சந்துலதானே கூடாது. கதவு, ஜன்னல் எல்லாத்தையும் சாத்துங்க."

தப்பை அடுப்படி நெருப்பில் காய்ச்சினார்கள். புகை போக வழியில்லை. அந்தச் சின்ன அறைக்குள் அடி விழுந்தபோது அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது, பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டன. வெட்டவெளியில் மலைக்கு மலை கேட்கவேண்டிய சத்தம் சுவரில் மோதித் திரும்பி அவள் நெஞ்சிலேயே விழுந்தது. பெட்டிக்குள் கிடப்பது அவரா, தானா என்றிருந்தது அவளுக்கு.

பிறகு கதவைத் திறந்தார்கள். முன்தோள் கொடுத்தவர் சோமரத்ன. படியெல்லாம் ஜனம் மரியாதையாக எழுந்து நின்றது. ஒரு சத்தமில்லை.

அடுத்த கூட்டத்தில் ரத்தினம்மா எழுந்தாள். "எந்த வீட்டுச் சாவா இருந்தாலும் அந்த வீட்டு வழக்கப்படி தூக்க விடணும்." உயர்ந்தது மூன்று வீட்டுக் கை. சோமரத்னவின் கை பாதி உயர்ந்து, பக்கத்தில் பார்த்து, கீழே இறங்கியது.

அந்த மாதச் சந்தாவையும் அவள் கட்டினாள். நாளைக்கு அவளையும் யாராவது சுமக்க வேண்டுமே.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டு நல்லதும் கெட்டதும் யாருடைய கையையும் எதிர்பார்க்காமல் உங்கள் முறைப்படி நடக்கட்டும். பிள்ளைகுட்டியோடு நிறைந்து இருங்கள்.