ஏழாம் பத்தி

முதியோர் இல்லங்களை ஆய்வு செய்யும் அந்த அதிகாரிக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் கட்டிலருகே உள்ள அழைப்பு மணியை அழுத்துவாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள். மூன்று நிமிடத்துக்குள் ஆள் வரவேண்டும் என்பது விதி.

அன்று அழுத்துவதற்கு மணியே இல்லை. சுவரில் இரண்டு திருகுத் துளைகள். அவற்றையும் பூசி அடைத்திருந்தார்கள். பூச்சு நன்றாகக் காய்ந்திருந்தது.

"எல்லா அறையிலயும் கழட்டிட்டோம் மேடம்," என்றார் மேலாளர். "அடுத்த மாசத்துலேருந்து கட்டாயமில்லையே."

அவள் பேனாவை மூடினாள். புதிய விதிகளின் வரைவை எழுதியவளே அவள்தான். அதன் ஏழாம் பத்தியில் மணி இருந்தது. கோப்பு அமைச்சர் அலுவலகத்திலிருந்து இன்னும் திரும்பவில்லை.

"யார் சொன்னது?"

"பேசிக்கிறாங்க மேடம். அப்புறம், உங்க பெரியம்மாவை ஜன்னல் பக்க அறைக்கு மாத்திட்டோம். நல்லாக் காத்து வரும்."

பெரியம்மாவை அங்கே சேர்த்தவன் தம்பி. பார்க்க வருபவனும் அவனே. உறவை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஜன்னலருகே அமர்ந்திருந்த பெரியம்மாவின் முழங்கை கன்றிப்போயிருந்தது.

"நேத்து வழுக்கி விழுந்துட்டேன்டி. டம்ளரால சுவத்தைத் தட்டினேன். பக்கத்து அறைக்காரர், கதவைத்தான் தட்டுறாங்கன்னு நினைச்சு, 'உள்ள வாங்க, உள்ள வாங்க'ன்னு கத்தினார். அந்தச் சத்தத்துக்குத்தான் ஆயா வந்தா."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"கடிகாரம் கட்டிக்கிட்டா விழுந்தேன்?"

"ஜன்னல் பிடிச்சிருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. விழுந்தா தூக்கிவிடுமான்னு கேட்டுச் சொல்லு."

பிற்பகலில் கோப்பு திரும்பியது. ஏழாம் பத்தி இல்லை. எட்டாவது பத்தி ஏழாவதாகியிருந்தது. திருத்தத்தின் கீழ் முந்தைய நாளின் தேதி. சுவர்ப் பூச்சு அதைவிடப் பழையது. ஆளுங்கட்சி வெளியிட்டிருந்த நன்கொடையாளர் பட்டியலைத் திறந்தாள். இல்லத்தின் உரிமையாளர் ஐந்தாம் வரியில் இருந்தார். சட்டப்படி கொடுத்த நன்கொடை, சட்டப்படி வெளியான பட்டியல். குறை சொல்ல இடமில்லை.

பழைய விதிக்கு இன்னும் ஒன்பது நாள் உயிர் இருந்தது. இரண்டு நாளில் மணிகளைப் பொருத்தாவிட்டால் உரிமம் நிறுத்தப்படும் என்று அவள் நோட்டீஸ் எழுதினாள்.

"சாகப்போற விதிக்கு எதுக்கும்மா இவ்வளவு வேகம்?" என்றார் மேலதிகாரி.

"இன்னும் சாகலையே சார்."

அனுப்புவதற்கு முன் தம்பியை அழைத்தாள். "பெரியம்மாவை உடனே வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடு."

அரை மணி நேரத்தில் அவன் திரும்ப அழைத்தான். "வரமாட்டேங்கிறாங்கக்கா. பக்கத்து அறைக்காரர் தட்டினா வேற யாருக்குக் கேக்கும்னு என்னைத் திட்டுறாங்க."

நோட்டீஸை அவள் அஞ்சலில் சேர்க்கவில்லை. தானே எடுத்துச் சென்றாள். மேலாளர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"வாங்க மேடம். நோட்டீஸ் வருதுன்னு சொன்னாங்க."

நோட்டீஸைப் பற்றி மேலதிகாரியைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

"உங்க பெரியம்மா அறையில மணி மாட்டியாச்சு. போய்ப் பாருங்க."

போய் அழுத்திப் பார்த்தாள். நாற்பது விநாடியில் ஆயா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"பரவாயில்லையே," என்றாள் பெரியம்மா. "எனக்கு மட்டுந்தானா?"

அவள் பக்கத்து அறைக்குப் போனாள். கட்டிலருகே, பூசி அடைத்த இரண்டு துளைகள். அவற்றின் எதிரிலேயே மேலாளரை நிறுத்தி, நோட்டீஸில் கையெழுத்து வாங்கினாள்.