உடை மாற்றும் அறையில் அறுபது பேர்

பூங்காவுக்கு வருகிறவர்கள் எங்கே நடக்கிறார்கள், எங்கே உட்கார்கிறார்கள் என்று அவர்களுடைய கைப்பேசி இருக்கும் இடத்தை வைத்துச் சொல்வது என் வேலை. திரையில் ஒரு கைப்பேசிக்கு ஒரு புள்ளி. பெயரும் தெரியாது, முகமும் தெரியாது. ஆனால் புள்ளி பொய் சொல்லாது என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன்.

பூங்காவின் நீச்சல் குளத்தைப் பற்றியும் அந்தத் திமிரோடுதான் அறிக்கை எழுதினேன். தினமும் காலையில் அறுபது பேர் வருகிறார்கள். ஒரு மணி நேரம் உடை மாற்றும் அறையிலேயே நிற்கிறார்கள். ஒருவரும் தண்ணீரில் இறங்குவதில்லை. பூங்கா மேலாளருக்கு ஒரே குஷி. குளத்தை மூடிவிட்டு, பாவம், நிற்கிறவர்களுக்கு நாற்காலி போட்டுக் கூடம் கட்டலாம் என்றார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு உத்தரவில் கையெழுத்து.

வீட்டில் இதைச் சொல்லிச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. விபத்தில் முட்டி போனதிலிருந்து அவள் தினமும் காலையில் உடற்பயிற்சிக்குப் போவாள். எங்கே என்று நான் கேட்டதே இல்லை. அந்த நேரத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பேன்.

"ஏண்டி, போனோட யாராவது தண்ணியில இறங்குவாங்களா? லாக்கர்ல வெச்சுட்டுத்தானே போறோம்" என்றாள். பிறகு மெதுவாக, "அங்க மட்டுந்தான்டி எனக்குக் கால் வலிக்காது."

மறுநாளே மேலாளரிடம் தப்பு என்னுடையது என்றேன். வாய்ப்பேச்செல்லாம் வேண்டாம், குளத்தில் புள்ளியைக் காட்டு என்று ஒரே பிடியாக நின்றார்.

அக்காவிடம் புலம்பினேன். வெள்ளிக்கிழமை காலை அவள் குளத்துக்கு வருகிற அத்தனை பேரையும் மிரட்டி, கைப்பேசியைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு நீச்சல் தொப்பிக்குள் செருக வைத்தாள். அறுபது தலை, அறுபது கொண்டை. நானும் இறங்கினேன். வீட்டில் சுவரைப் பிடித்து நடக்கிறவள் என்னைத் தாண்டி விறுவிறுவென்று நீந்திப் போனாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பதினோரு மணிக்கு, காலையில் பதிவானதைத் திரையில் போட்டுக் காட்டினேன். குளம் முழுக்கப் புள்ளிகள். கையில் பேனாவோடு மேலாளர் குனிந்து பார்த்தார். உடை மாற்றும் அறையில் ஒரே ஒரு புள்ளி இருந்தது.

"இது மட்டும் அங்கேயே நிக்குதே, யாரு இந்தச் சோம்பேறி?"

"நான்தான் சார். புது போன், நனைஞ்சிடுமோன்னு லாக்கர்ல வெச்சுட்டு இறங்கினேன்."

அவர் அந்தப் புள்ளியைப் பார்த்தார். ஈரம் காயாத என் தலையைப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.