பிரீசரில் ஒரு வம்சம்

தங்கை வீட்டுப் பால்கனியில் இருந்த பிரீசரின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் மூடினாள் கமர். காலையிலிருந்து திறப்பதும் மூடுவதுமாகவே இருக்கிறாள். உள்ளே விளிம்புவரை குதிரைக் கறி. தங்கை மர்ஜானும் அவள் புருஷன் பெகெனும் குளிர்காலம் தொடங்கும்போது நண்பர்களோடு பங்கு சேர்ந்து அறுத்தது. தொடைக் கறி தனி, கொழுப்பு தனி, விலாவோடு சேர்த்துக் குடலில் அடைத்த கஸி தனி. எல்லாப் பைக்கும் மர்ஜான் தன் கையால் முடிச்சுப் போட்டிருந்தாள். ஒரு தீப்பெட்டி வைக்கக்கூட இடமில்லை. பால்கனி மூலையில், பிள்ளைகளைக் குளிப்பாட்டும் பிளாஸ்டிக் தொட்டியில், ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு கமருடைய மாமனார் வீட்டு வம்சம் கிடந்தது.

இந்த வசந்தத்தில் எசில் ஆறு கரைக்குள் நிற்கவில்லை. தண்ணீர் வாசலுக்கு வந்தபோது அவளும் கணவன் எர்மெக்கும் மாமனாரின் தகரப் பெட்டியைத் தூக்கி அலமாரியின் மேல் வைத்துவிட்டு வெளியேறினார்கள். கூரைவரைக்கும் ஏறாது என்று எர்மெக் சொன்னான். ஏறவில்லைதான். ஆனால் தண்ணீர் அலமாரியையே பெயர்த்துக் குப்புறத் தள்ளியிருந்தது. வெள்ளம் கொஞ்சம் வடிந்ததும் மீட்புப் படகில் இடம் கேட்டுப் போய், இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் துழாவி, அந்தப் பெட்டியை எடுத்து வந்தார்கள். படகில் ஆளுக்கு ஒரு சாமான்தான் ஏற்றலாம் என்றார்கள். எர்மெக் கையில் பெட்டி. கமர் தன்னுடைய குளிர்காலக் கோட்டை எடுத்துக்கொண்டாள். அது பிழியப் பிழியச் சாக்கடை மாதிரி நாறியது. மறுநாளே தூக்கிப் போட்டுவிட்டாள். எர்மெக் ரயில் பாதை மேட்டில் ஊர் மாடுகளுக்குக் காவலாகத் தங்கிவிட்டான். அவள் பெட்டியோடு தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

எர்மெக் வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை. அப்பாவின் வீடு கடைசிப் பிள்ளைக்கு என்பதால் பெட்டியும் அவனுக்கு வந்தது. அவனுக்கு வந்தது என்றால் கமருக்கு வந்தது என்று அர்த்தம். வருஷா வருஷம் அவள்தான் திறந்து வெயில் காட்டி, பூச்சி அண்டாமல் புல்வெளியில் பறித்துக் காயவைத்த மாசிப்பத்திரியைக் கொத்தாகப் போட்டு மூடுவாள். போருக்குப் போய்த் திரும்பாத எர்மெக்கின் பெரியப்பா முக்கோணமாக மடித்து அனுப்பிய கடிதங்கள். அரசாங்கம் தடுத்து, வைத்திருந்தாலே ஆபத்து என்றிருந்த காலத்தில் மாட்டுத் தொழுவச் சுவருக்குள் ஒளித்து வைத்த, அரபு எழுத்துத் தாள்கள். மாமியாரின் கன்னிப் பருவத்துப் போட்டோ. மாமனார், வீட்டுச் சுவரில் ஒட்டும் சுவர்த்தாளின் பின்பக்கத்தில் தன் கைப்பட வரைந்த வம்ச மரம். அதில் ஆண்கள் பெயர் மட்டும் கிளை கிளையாகப் போகும்.

எர்மெக்கின் அக்கா ரைஹான் தலைநகரில் இருக்கிறாள். பூகோள டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அன்றுமுதல் அந்த மரத்தைப் புத்தகமாகப் போட வேண்டும் என்பதே அவள் வேலை. பெட்டி நனைந்த சேதி கேட்டதும் போனிலேயே அழுதாள். அழுது முடித்ததும் டீச்சராகிவிட்டாள். ஆவணக் காப்பகத்தில் கேட்டுவிட்டேன், எதையும் பிரிக்காதே, தேய்ப்புப் பெட்டி வைக்காதே, வெயிலில் போடாதே, கேக் சுடுகிற மெழுகுத்தாளை நடுநடுவே வைத்துப் பாலித்தீனில் சுற்றி உறையவை, உறைந்துவிட்டால் பூஞ்சை பிடிக்காது, வெள்ளத்தில் அடைபட்ட பாதை திறந்ததும் வந்து வாங்கிக்கொள்கிறேன், இங்கே பக்குவமாகக் காயவைக்க ஆள் இருக்கிறது என்றாள். நாளைக்கு என்று தள்ளிப் போடாதே என்றும் சொன்னாள்.

கமர் ராத்திரிச் சாப்பாட்டின்போது தங்கையிடம் மெல்ல ஆரம்பித்தாள். பாதிக் கறியை எடுத்தால் போதும் என்றாள். மர்ஜான் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவங்க தாத்தனுக்குத் தாத்தன் தூங்கறதுக்கு என் கறிய எடுத்து வெளியில போடணுமா அக்கா? நமக்கு என்ன இருக்கு? அப்பன் பேரு, தாத்தன் பேரு, ரெண்டே ரெண்டு. அதுக்கு ஒரு துண்டுக் காயிதம் உண்டா?"

பெகென் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் ரயில்வேயில் இன்ஜின் ஓட்டுகிறவன்; பெண்டாட்டி பேசும்போது குறுக்கே பேசாத பழக்கம் உண்டு. கமர் அதற்குமேல் கேட்கவில்லை.

மர்ஜான் சொன்னதில் தப்பில்லை. அவர்கள் அப்பா கப்தென் அநாதை விடுதியில் வளர்ந்தவர். தன் அப்பா பெயர் ஜூனிஸ் என்பது மட்டும் அவருக்குத் தெரியும்; அதுவும் விடுதிக்காரர்கள் எழுதிக்கொண்டதால் தெரியும். வேறு எவனும் குழந்தை நடை பழகும்போதே ஏழு தலைமுறைத் தகப்பன்மார் பெயரையும் சொல்லிக் கொடுத்துவிடுவான். அப்பா தன் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லாமல் ரயில் நிலையங்களின் பெயரைச் சொல்லிக்கொடுத்தார். கமரைப் பெண் கேட்டு வந்தபோது மாமனார் முறைப்படி அந்த ஏழு பெயரையும் கேட்டார். அவள் அப்பா பெயரையும் தாத்தா பெயரையும் சொல்லிவிட்டு நிறுத்தினாள். எல்லோரும் டீக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள். ஏழு தலைமுறைக்குள் ரத்தக் கலப்பு இருந்தால் கல்யாணமே கிடையாது. இரண்டு பெயரை வைத்துக்கொண்டு எதைப் பார்ப்பது? மாமனார்தான், வேற்று ஜில்லாக்காரர்கள், ஒன்றும் வராது என்று முடித்துவைத்தார். பெரிய மனசுதான். ஆனால் அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒவ்வொரு விசேஷத்திலும் யாராவது தங்கள் கிளையைச் சொல்ல ஆரம்பித்தால் கமருக்குச் சமையல்கட்டில் ஏதாவது வேலை வந்துவிடும்.

படுத்தாள். தூக்கம் பிடிக்கவில்லை. விடிந்ததும், மர்ஜானும் பெகெனும் வேலைக்குப் போன பிறகு, தொட்டியின் துண்டை விலக்கிப் பார்த்தாள். இனிப்பும் புளிப்புமாக ஒரு வாடை கிளம்பியிருந்தது. போட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தன. மேலே இருந்த இரண்டையாவது காப்பாற்றிவிடலாம் என்று கைக்கு வேகம் வந்தது. நகத்தை நுழைத்து மெல்லப் பிரித்தாள். பாலாடையை வழித்தெடுப்பதுபோல அலுங்காமல் வந்தது. வந்ததைத் திருப்பிப் பார்த்தாள். மாமியாரின் முகம் அதோடு வந்துவிட்டது. அட்டையில் பின்னலும் கழுத்துப் பட்டியும் மட்டும் மிச்சம். முகமோ பிரித்தெடுத்த போட்டோவிலிருந்த ஒரு டிராக்டரின் மேல் வழவழப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. கமர் அதைத் தொட்டாள். அது நகர்ந்தது.

அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள். ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்தாள். யாருக்காக இந்தப் பாடு என்று தோன்றியது. அந்த மரத்தில் அவள் பெயர் இல்லை. அவள் பெற்று, வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளின் பெயரும் வரப்போவதில்லை. அப்படியே விட்டால் என்ன? வெள்ளத்தில் போனது போனதுதான் என்று ஊரில் பாதிப் பேர் சொல்லிவிட்டார்கள். ஆனால் கைகள் கேட்கவில்லை. பிரீசரின் மூடியை ஏற்றி, முடிச்சுப் போட்ட பைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்க ஆரம்பித்தாள். உறைந்த கறி கைகளைச் சுட்டது. காலியான குழிக்குள் கடிதங்களையும் போட்டோக் கட்டிகளையும் மெழுகுத்தாள் வைத்துச் சுற்றி, பிள்ளையைப் படுக்கவைப்பதுபோல வைத்தாள். சுவர்த்தாளை மடிக்க மனசு வரவில்லை. சுருளாகவே குறுக்கே சாய்த்தாள். முகம் இடம் மாறிய போட்டோவையும் டிராக்டரோடு சேர்த்தே வைத்தாள்.

மூடியை அழுத்திச் சாத்திய பிறகுதான் தரையைப் பார்த்தாள். ஒரு குதிரையில் கால் பங்கு அங்கே இளக ஆரம்பித்திருந்தது. வெளியே வைக்கலாம் என்றால் பனியெல்லாம் போய்விட்டது. அதைத் திருப்பி உள்ளே வைக்கவும் முடியாது. வீட்டிலிருந்த பெரிய பாத்திரத்தை எல்லாம் இறக்கி அடுப்பில் ஏற்றினாள். போதவில்லை. எதிர்வீட்டிலும் மேல்மாடியிலும் கதவைத் தட்டிப் பாத்திரம் கேட்டாள். கேட்டவர்கள் என்ன விசேஷம் என்றார்கள். வெள்ளத்துக்குத் தப்பி வந்திருக்கிறேன், அதற்குத்தான் என்று வாயில் வந்ததைச் சொன்னாள். பொய்யென்றும் சொல்ல முடியாது.

மர்ஜான் வந்தபோது மாடிப்படியிலேயே வாசம் பிடித்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே பால்கனிக்குப் போனாள். பிரீசரின் மூடி திறக்கும் சத்தமும் மூடும் சத்தமும் கேட்டன. கமர் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், வெளியே போ என்றால் போய்விடலாம், வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்குத் திறந்த பள்ளிக்கூட முகாமில் இடம் இருக்கிறது என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். மர்ஜான் வந்து ஆவி பறக்கும் பாத்திரங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். அவள் கழுத்து சிவந்திருந்தது.

"இத்தன கறிக்கு மாவு யாரு பெசையறது? உன் நாத்தனாரா?"

சொல்லிவிட்டுக் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு மாவுப் பையை இழுத்தாள். அவள் மாவைக் குத்திய குத்தில் மேஜை நகர்ந்தது. அக்கா பக்கம் திரும்பவே இல்லை. மெல்லிசாகத் தேய்த்து அகலம் அகலமாக வெட்டி, கறிச்சாற்றில் போட்டுக்கொண்டே இருந்தாள். பெகென் வந்தான், பார்த்தான், ஒன்றும் கேட்காமல் இரண்டு பாத்திரத்தைத் துண்டால் கட்டித் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட முகாமுக்குப் போனான். பாத்திரம் கொடுத்த வீடுகள் அவரவர் பாத்திரத்திலேயே கறியை வாங்கிக்கொண்டு போயின. அப்படியும் மிச்சம் இருந்தது. அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் வேறு எதுவும் சாப்பிடவில்லை. மர்ஜான் அக்காவிடம் உப்பு, தண்ணீர் என்ற அளவுக்குத்தான் பேசினாள்.

பாதை திறந்ததும் ரைஹான் ரயிலில் வந்தாள். மீன்காரர்கள் வைத்திருக்கும் வெள்ளைப் பெட்டி ஒன்றைச் சுமந்து வந்திருந்தாள். உறைந்த கட்டுகளைப் பிரீசரிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அதில் மாற்றினாள். கமர் மாமியாரின் முகத்தைப் பற்றிச் சொன்னாள். ரைஹான் அந்தக் கட்டை மட்டும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு, டிராக்டர் எங்கள் அம்மா ஓட்டினதுதான், போகட்டும் என்றாள்.

சமையல்கட்டில் டீ ஊற்றினாள் மர்ஜான். ரைஹான் கறி எங்கே போயிற்று என்பதைப் பெகெனிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு அவள் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் பரப்பினாள்.

"இந்தப் புத்தகத்துல பொம்பளைங்களயும் போடறேன் கமர். எங்கப்பா எழுதினதுல நானே கெடையாது. வந்த மருமகளுக்கெல்லாம் அவ அப்பன் வழியும் சேத்து எழுதறேன். சொல்லு."

"கப்தென்," என்றாள் கமர். ரைஹான் எழுதினாள். "ஜூனிஸ்." அதையும் எழுதினாள். பேனா அடுத்த வரிக்கு வந்து நின்றது. ரைஹான் நிமிர்ந்து பார்க்கவில்லை, அவசரமும் படுத்தவில்லை. கமருக்குக் காது சூடேறியது. அடுப்புப் பக்கம் எழுந்து போக வேண்டும் போலிருந்தது.

"இல்யாஸ்," என்றாள் மர்ஜான். அவள் அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி கெண்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். "ஜூனிஸோட அப்பா பேரு இல்யாஸ். எழுதிக்குங்க."

ரைஹான் எழுதினாள். கமர் தங்கையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெகென் ரைஹானைக் காரில் ஸ்டேஷனுக்கு அழைத்துக்கொண்டு போன பிறகு கமர் கேட்டாள். அப்பா எப்போது சொன்னார்? மர்ஜான் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீ அப்ப ஹாஸ்டல்ல இருந்த."

"என்கிட்ட ஒரு தடவகூட சொன்னதில்லியே."

"நீ கேட்டியா?" என்றாள் மர்ஜான். கழுவிய கிண்ணத்தையே மறுபடியும் கழுவினாள்.

கமர் பால்கனிக்குப் போனாள். காலியான பிரீசர் வாயைத் திறந்துகொண்டு சொட்டிக்கொண்டிருந்தது. கீழே, கார் ஷெட்டுகளின் தகரக் கூரைமேலும் வேலிமேலும் தெரு முழுக்க வெள்ளத்தில் நனைந்த கம்பளங்களைக் காயப் போட்டிருந்தார்கள். சிவப்பும் பச்சையும் நீலமுமாக, சேறு உலர்ந்து வெளுத்த பட்டைகளோடு. சட்டைக் கையை மடித்துக்கொண்ட ஒரு வயசாளி, தன் கம்பளத்தைக் கழியால் அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வோர் அடிக்கும் தூசி எழுந்து வெயிலில் நின்றது.

இல்யாஸ் என்று அந்தப் பேரை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

கீழே கழி நின்றது. அந்த வயசாளி கையை நெற்றிமேல் வைத்து, தன்னை யார் கூப்பிட்டது என்று மாடி மாடியாகத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.