நீல டிராம் போகாத இடம்

1.

ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது? இந்தக் கதை ஒரு போன் அழைப்பில் பிறந்தது. அலெக்சாந்திரியாவில் என்னோடு படித்த இன்ஷிராஹ் போன மாதம் கூப்பிட்டாள். நாங்கள் படித்த கல்லூரியிலேயே இப்போது வரலாறு நடத்துகிறாள். முதலாண்டுப் பிள்ளைகளை வருஷாவருஷம் கர்மூஸுக்கு அழைத்துப் போகிறாளாம், இந்த முறை ஊருக்குள் இன்னும் நாலு இடம் காட்ட வேண்டும், எங்கே போகலாம் என்று கேட்டாள். நானும் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். பேசி முடித்த பிறகும் அவள் போனை வைக்கவில்லை.

"சேது, அன்னிக்கு கர்மூஸ் சுரங்கக் கல்லறைக்குப் போனோமே. நான் கீழ இறங்கினப்புறம் நீதானே அப்பாகூட மேல இருந்தே? அவர் என்ன பண்ணினார்?"

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவள் அப்பா போன குளிர்காலத்தில்தான் இறந்தார். "லைன் சரியா இல்ல, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. பதிலும் எனக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்ல முடியாது, அவ்வளவுதான் சிக்கல்.

2.

தொடக்கங்கள், நான் கிழித்துப் போட்டவை:

மத்தியதரைக் கடலின் நீல அலைகள் அந்தக் காலையில்

(கடலில் இறங்கினால் கரையேற மாட்டேன். வேண்டாம்.)

உஸ்தா ஷஹாத்தா மிகக் கண்டிப்பான தகப்பன். மகளை வீட்டுக்குள்ளேயே

(அபாண்டம். கண்டிப்பானவர்தான், ஆனால் வீட்டுக்குள் பூட்டுகிற ஆள் இல்லை. அவருடைய கண்டிப்புக்கு ஒரு தடம் இருந்தது. நிஜமாகவே தண்டவாளத் தடம்.)

சரி, நேராகவே வருகிறேன். இன்ஷிராஹின் அப்பா உஸ்தா ஷஹாத்தா (வண்டி ஓட்டுகிறவரை இங்கே உஸ்தா என்பார்கள்) ராம்ல் பாதையில் நீல டிராம் ஓட்டினார். மகளிடம் அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: "என் டிராம் போற இடத்துக்கெல்லாம் நீ போலாம். அதுக்கு அந்தப் பக்கம் கிடையாது."

3.

எங்கள் வகுப்பில் ஊர் சுற்றுவதற்கு மதிப்பெண் உண்டு. டாக்டர் லவாஹெஸ் என்கிற எங்கள் பேராசிரியை, "ஊரைப் பார்க்காதவனுக்கு வரலாறு எதுக்கு?" என்று சொல்லி, இடங்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மூன்று பேர் தலையில் கட்டினார். இன்ஷிராஹ், பர்சூம், நான். பர்சூம் வாயால் வாழ்ந்தவன். நான் துறைமுகத்துக் கப்பல் கம்பெனிக்கு வேலைக்கு வந்த அப்பாவோடு சின்ன வயதில் வந்து, அப்படியே இந்த ஊர்க்காரனாகிப் போன தமிழன்.

இன்ஷிராஹ் வர வேண்டுமென்றால் இடம் நீல டிராம் பாதையில் இருக்க வேண்டும். ஆகவே நாற்பது பேரின் பண்பாட்டுக் கல்வியை ஒரு டிராம்தான் தீர்மானித்தது. ஷாத்பியில் பழைய கல்லறைத் தோட்டம். ஸிஸினியாவில் அரச குடும்பத்து நகைகள் வைத்த மாளிகை. ஜனக்லீஸில் ஓர் ஓவியர் வாழ்ந்த வீடு. ஒவ்வொரு இடத்திலும் நாங்கள் வெளியே நிற்கும்போது நீல டிராம் ஒன்று மெதுவாகும், உஸ்தா காலால் இரண்டு மணி அடித்துவிட்டுப் போவார். நாற்பது பேரும் கையாட்டுவோம்.

"இன்ஸ்பெக்டர் வந்துட்டார்டி, தலையை எண்ணிக் காட்டு" என்பான் பர்சூம்.

"வாயை மூடுடா. உங்கப்பா உன்னைத் தொலைச்சாக்கூடத் தேட மாட்டார்" என்பாள் அவள். ஆனால் அவளும் கையாட்டுவாள். அந்த மணிச் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது. அந்த நாற்பது பேரில் பாதிப் பேர் எங்கே இருக்கிறார்களோ தெரியாது. எழுதுவதை நிறுத்திவிட்டு டீ போட்டுக்கொண்டு வந்தேன்.

4.

கடைசி இடம் கர்மூஸ். அதை விடவே முடியாது என்று டாக்டர் லவாஹெஸ் சொல்லிவிட்டார். பாறையைக் குடைந்து மூன்றடுக்காகக் கீழே போகிற கல்லறை. அங்கே போவது மஞ்சள் டிராம்.

மூவரும் ராம்ல் நிலையத்தில் உஸ்தாவைப் பிடித்தோம். சாய் கிளாஸோடு நின்றிருந்தார்.

"மஞ்சள் டிராமா? அவனுக்கு பிரேக் எங்க இருக்குன்னே தெரியாது. அவனை நம்பி என் பொண்ணை விடறதா? போய்யா, என்னை இந்தியன்னு நினைச்சியா?" சொன்ன பிறகுதான் என்னைப் பார்த்தார். "உன்னைச் சொல்லலப்பா."

(இந்த ஊரில் ஏமாளிக்கு 'இந்தியன்' என்று ஒரு பட்டம். எனக்குப் பழகிவிட்டது. சில நாள் பொருத்தமாகவும் இருந்தது.)

அப்போதுதான் பர்சூம் அதைச் செய்தான். பேச்சை மரியாதையாக முடிக்க, நெஞ்சில் கை வைத்து, "அப்ப நீங்களும் எங்ககூட வாங்க உஸ்தா, உங்க காலடி பட்டா எங்களுக்குப் பெருமை" என்றான்.

இதற்கு இங்கே படகுக்காரன் அழைப்பு என்று பெயர். ஆற்று நடுவில் சோறு தின்கிறவன் கரையில் நடப்பவனைப் பார்த்து "வா, சாப்பிடு" என்பதுபோல. கூப்பிடுவது மரியாதை, மறுப்பது அதைவிட மரியாதை. பால் மறக்காத குழந்தைக்குக்கூட இந்த முறை தெரியும்.

உஸ்தா சாயைக் குடித்து முடித்தார். "வரேன்" என்றார்.

பர்சூமின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

5.

(இந்த உஸ்தாவை நம்பலாமா என்று எனக்கே சந்தேகம். அழைப்பின் பொருள் புரியாமலா வந்தார்? புரிந்துதான் வந்தார் என்று இப்போது தோன்றுகிறது. மகள் போக வேண்டும், தான் போட்ட சட்டமும் உடையக் கூடாது. பர்சூம் நீட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.)

கோட்டு போட்டு, தலை வாரி, நாற்பது பேருக்கும் ஈரல் சாண்ட்விச் வாங்கிக்கொண்டு வந்தார். பசங்கள் ஐந்து நிமிடத்தில் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். கல்லறை வாய்க்கு வரும்வரை எல்லாம் சுகமாக இருந்தது. சுழல் படிக்கட்டு. நடுவில் கிணறுபோலப் பள்ளம், அந்தக் காலத்தில் பிணத்தைக் கயிற்றில் இறக்கிய இடம். உஸ்தா எட்டிப் பார்த்தார். கீழே இருட்டு.

"போதும். மேலருந்தே பார்த்தாச்சு இல்ல? வா, போலாம்."

"எல்லாரும் இறங்கறாங்கப்பா."

"எல்லாரும் என் பொண்ணா?"

இன்ஷிராஹ் சிவந்துபோனாள். நாற்பது பேர் முன்னால், "உங்க தண்டவாளம் போற இடம் மட்டும்தான் ஊராப்பா? இப்படியே என்னையும் ஓட்டிட்டுப் போயிடலாம்னு பார்க்கறீங்களா?" என்றாள். பதிலுக்கு நிற்காமல் இறங்கிவிட்டாள். கூட்டம் பின்னால் போனது. "நீ இரு" என்று பர்சூம் என் காதில் சொல்லிவிட்டு ஓடினான். நான் இருந்தேன்.

6.

அவர் என்ன பண்ணினார்?

முதல் வடிவம்: அவர் கோட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு

(சீச்சீ. அழவில்லை.)

இரண்டாம் வடிவம்: கூண்டில் அடைபட்டவர்போல் குறுக்கும் நெடுக்கும்

(இதைத்தான் அவள் எதிர்பார்க்கிறாள். போனை நான் வைப்பதற்குள் சொல்லிவிட்டாளே: "அதுக்கப்புறம் அவர் எங்கயும் போகாதேன்னு சொன்னதே இல்ல. கெய்ரோ போனேன், லுக்ஸோர் போனேன், வாயே திறக்கல. அன்னிக்கே என்னை வெறுத்துட்டார்டா. அந்த ஒரு மணி நேரத்துல அவர் மனசு செத்துப்போச்சு. நான்தான் கொன்னேன்.")

நடந்தது இது. கொஞ்ச நேரம் பள்ளத்தையே பார்த்தார். கீழிருந்து பர்சூம் எதற்கோ கத்துவதும் அவள் வாய்விட்டுச் சிரிப்பதும் கேட்டது. உஸ்தாவின் தோள் இறங்கியது.

"சிரிக்கறா" என்றார். "பயப்படலை."

பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, அவ காலேஜ் சேர்ந்ததுலேருந்து நான் விடியற ஷிஃப்டையும் சாயங்கால ஷிஃப்டையும் மாத்தி மாத்தி வாங்கறேன், நீங்க போற நேரம் என் வண்டி அங்க இருக்கணுமேன்னு. உடம்பு ஓஞ்சுபோச்சு. இப்ப கொஞ்சம் தூங்கவா?"

"தூங்குங்க உஸ்தா."

"சத்தம் கேட்டா எழுப்பிடு. நான் தூங்கினேன்னு அவளுக்குத் தெரியக் கூடாது. கோவமா இருக்கேன்னே நினைக்கட்டும். இல்லன்னா வீட்ல அப்பன்னு ஒருத்தன் எதுக்கு? உங்க சாமி யாரு?"

"முருகன்."

"அவர் மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். முற்றத்தில் காலிக் கல் சவப்பெட்டிகள் கிடக்கும். அவற்றின் நிழலில் ஷூவைக் கழற்றி, கோட்டை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்தார். குறட்டையென்றால் அப்படியொரு குறட்டை. காவலாளி வந்து பார்த்து, "கீழ இடம் பத்தலையா இவருக்கு?" என்றான். நான் சிரிப்பை அடக்கியது எனக்குத்தான் தெரியும்.

படியில் சத்தம் கேட்டதும் எழுப்பினேன். அவர்கள் ஏறி வந்தபோது உஸ்தா ஷூ கயிற்றைக் கட்டி முடித்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், முகம் கல்லாக. "முடிஞ்சுதா? நட" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

7.

முடிவுகள்:

அ) நான் போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன். செத்தவருக்குக் கொடுத்த சத்தியம் என்ன பெரிய சத்தியம்? (எழுதிப் பார்த்தேன். சொன்ன கையோடு என் வாய் கோணிக்கொள்ளும் என்று பயமாக இருக்கிறது. சிரிக்காதீர்கள்.)

ஆ) "உங்கப்பா நிம்மதியா இருந்தார்" என்று மொட்டையாகச் சொல்கிறேன். (நம்ப மாட்டாள். ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்து இன்னும் அழுவாள்.)

இ)

இ-க்குக் கீழே நான் எதுவும் எழுதப்போவதில்லை. அவளுக்குத் தமிழ் தெரியாது. அதனால்தான் இந்த ஊர்க் கதையைத் தமிழில் எழுதினேன். உங்களிடம் சொல்லக் கூடாது என்று உஸ்தா கேட்கவில்லை.

வசந்தகாலத்து வியாழக்கிழமைகளில் அவள் பிள்ளைகளைக் கர்மூஸுக்கு அழைத்து வருவாள். அவர்களைக் கீழே அனுப்பிவிட்டு, தான் மட்டும் மேலே உட்கார்ந்திருப்பாள். உங்களில் யாராவது அந்தப் பக்கம் போனால் பக்கத்தில் போய் உட்காருங்கள். உங்களுக்குத் தெரிந்த மொழியில், கையையும் தலையையும் ஆட்டியாவது சொல்லுங்கள். நீ கீழே சிரித்தாய், உன் அப்பா அதைக் கேட்டுவிட்டுத் தூங்கினார் என்று. சத்தியம் பண்ணியவன் நான், நீங்கள் இல்லை.

குறட்டையைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. நானாக இருந்தால் சேர்ப்பேன்.